முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று தட்டுகிறதா? சின்ன கார் சஸ்பென்ஷன்: வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

“அண்ணா, ஷாக் போயிடுச்சு, மாத்திடுங்க” என்ற முடிவோடுதான் பலர் கராஜுக்கு வருகிறார்கள். மாற்றியும் விடுகிறார்கள். பில் கட்டிவிட்டு வண்டியைத் தெருவுக்கு எடுத்தால், அதே சத்தம் அதே இடத்தில். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பக்கம் போக வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் மாருதி, ஹூண்டாய், டாடா என்று எந்தக் கம்பெனியின் சின்ன காருக்கும் ஏறக்குறைய பொருந்தும்; அடியில் அமைப்பு பெரிதாக மாறுவதில்லை.

சஸ்பென்ஷன் என்றால் ஷாக் அப்சார்பர்தானே?

அதுவும் ஒன்று. வண்டியின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதே இல்லை. பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங்கைச் சும்மா விட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய் இருக்கிறது, பிஸ்டன் இருக்கிறது, பிஸ்டனில் சின்னத் துளைகளும் வால்வுகளும் இருக்கின்றன. எண்ணெய் அவற்றின் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் ஓட்டிவந்த உடனே ஷாக்கைத் தொட்டால் சுடுவது அதனால்தான்.

ஆகவே, ‘வண்டி உட்கார்ந்துவிட்டது, தரை தட்டுகிறது’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை. ‘ஸ்பீட் பிரேக்கர் தாண்டியும் இரண்டு மூன்று தடவை ஆடுகிறது’ என்றால் ஷாக்கை.

முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும். மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்பார்கள். 1940களில் ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் உருவாக்கிய அமைப்பு, இடம் கொஞ்சமாகப் பிடிப்பதால் சின்ன கார்களில் நிலைத்துவிட்டது. அதன் கீழ்முனை சக்கரத்தோடு சேரும். மேல்முனை ஒரு ரப்பர் மவுண்ட்டும் பேரிங்கும் வழியாக பாடியில் மாட்டியிருக்கும். சக்கரத்தைக் கீழே பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் பால் ஜாயின்ட் என்ற பந்து மூட்டு, மறுபக்கம் அதிர்வை உள்வாங்கும் ரப்பர் புஷ்கள். இடது வலது இரண்டையும் இணைத்து ஒரு கம்பி போகும், வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் குட்டிக் கம்பிதான் லிங்க் ராட். பின்பக்கம் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரு முறுக்கு பீம், தனியே ஸ்பிரிங், தனியே ஷாக். அவ்வளவுதான்.

சத்தம் வருகிறது. எது போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், சரியாக முறுக்காத ஸ்டெப்னி, பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகை, இவை எழுப்பும் சத்தத்துக்கு சஸ்பென்ஷனைக் கழற்றிப் பார்த்த கதைகள் எல்லா கராஜிலும் உண்டு. அப்புறம், சத்தம் வரும்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆடுவது பிரேக் காலிப்பரோ பேடோதான்.

இரண்டும் இல்லையென்றால், சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் துப்பு.

காந்தி நகர், சத்துவாச்சாரி உள்தெருக்களில் மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்கெல்லாம் ‘டொக் டொக்’ என்று தட்டினால் முதல் சந்தேகம் லிங்க் ராட். அதன் இரண்டு முனையிலும் குட்டி பந்து மூட்டு உண்டு. தேய்ந்ததும் குழிக்குள் தளர்ந்து தட்டும். சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் கம்பியைப் பிடித்து உலுக்குங்கள். நல்ல லிங்க் பிடித்த பிடியில் நிற்கும். தேய்ந்தது காதுக்கு முன் கைக்கே தெரிந்துவிடும். இதை மாற்றுவது சில நூறு ரூபாய் சமாச்சாரம். ஷாக் ஜோடி என்றால் சில ஆயிரம். பலர் காசை விடுவது இந்த இடத்தில்தான்.

பிரேக் அடிக்கும்போதோ, ரிவர்ஸ் எடுத்துவிட்டு முதல் கியரில் நகரும்போதோ ஒரே ஒரு ‘டக்’ வந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். ரப்பர் கிழிந்து ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். பிரேக்கில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும் இதோடு சேர்ந்தே வரலாம்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று கம்பி அறுந்த மாதிரி ஓசை வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். ஒருவர் ஸ்டீயரிங் திருப்ப, இன்னொருவர் பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்பக்கம் விரலை வைத்தால், ஸ்பிரிங் மாட்டிக்கொண்டு திடீரென்று விடுபடும் உதறல் தெரியும். என்ஜின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.

பெரிய பள்ளத்தில் மட்டும் ‘தொம்’ என்று இடித்தால் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை நொறுங்கியிருக்கலாம், அல்லது ஷாக் உண்மையிலேயே ஓய்ந்திருக்கலாம். ‘கிரீச்’ என்று கட்டில் மாதிரி முனகினால், அதுவும் மழையில் அடங்கி வெயிலில் திரும்ப வந்தால், காய்ந்த ரப்பர் புஷ். தயவுசெய்து என்ஜின் ஆயிலை அதன் மேல் ஊற்றாதீர்கள். ஒரு வாரம் சத்தம் இருக்காது. ஆனால் எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பிவிடும்.

பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில் வேகம் ஏற ஏற ‘உம்ம்ம்’ என்று ரீங்காரம் கூடுகிறதா? வளைவில் ஒரு பக்கம் சாயும்போது அது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். மாறாமல் இருந்தால் பெரும்பாலும் டயர். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ‘டக் டக் டக்’ என்று வரிசையாக வந்தால் அது ஆக்ஸில் ஜாயின்ட், என்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு. சஸ்பென்ஷன் கணக்கிலேயே வராது.

பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகளில் வரும் ‘டப் டப்’ எல்லா வண்டிக்கும் வரும். அதை விட்டுவிடுங்கள்.

பானட்டை அமுக்கிப் பார்த்தால் ஷாக் நிலைமை தெரியும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரு மூலையை நன்றாக அமுக்கிவிட்டால் வண்டி ஏறி, ஒருமுறை இறங்கி நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷாக் போய்விட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் ஆடாமல் நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கையால் அமுக்கும் வேகம் மெதுவானது, 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் துள்ளுகிற வேகம் வேறு. அதற்கு டயரைப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல் சுற்றுவட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், ஷாக் ஓய்ந்த வண்டியில் இடைவெளி விட்டு விட்டுக் குழி குழியாக அலை மாதிரி தட்டுப்படும். சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. அந்த டயரும் ஷாக்கும் சேர்ந்தே பேச வேண்டிய விஷயம்.

ஷாக்கில் எண்ணெய் கசிவு இருக்கிறது. உடனே மாற்ற வேண்டுமா?

பிஸ்டன் தண்டுக்குக் கீழே லேசாகப் புழுதி ஒட்டிய ஈரம் மட்டும் இருந்தால் பொறுக்கலாம். தண்டு உள்ளே போய் வரும்போது, எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையமான சீலை நனைக்கக் கொஞ்சம் எண்ணெய் வெளியே வருவது இயல்பு. துடைத்துவிட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். திரும்ப நனைந்து, குழாய் நீளத்துக்கும் எண்ணெய் வழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கசிவே இல்லாமலும் ஷாக் சாகும். உள்ளே வால்வு தேய்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

ஒரு பக்கம்தான் போயிருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

ஜோடியாக மாற்றுங்கள். முன்னால் என்றால் முன்னால் இரண்டும், பின்னால் என்றால் பின்னால் இரண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் ஓய்ந்தது என்றால் ஈர ரோட்டில் திடீர் பிரேக் அடிக்கும்போது வண்டி நேராக நிற்காது. நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். லிங்க் ராட், புஷ் போன்றவற்றை ஒரு பக்கம் மட்டும் மாற்றினாலும் ஓடும். ஆனால் ஒரே வயசு என்பதால் மறுபக்கமும் சீக்கிரம் வரும்.

மாற்றும்போது மெக்கானிக் பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் குறைவு.

முதலாவது, லோயர் ஆர்ம் புஷ் போல்ட். வண்டி ஜாக்கியிலோ லிப்ட்டிலோ தொங்கும்போது சக்கரங்கள் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால் ரப்பர் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே நிற்கும். புது புஷ் சில மாதத்தில் கிழிவதற்கு இது ஒரு பெரிய காரணம். தொங்கும்போது போல்ட்டை விரலால் முறுக்கும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு போட வேண்டும். குழிக்குள் இறங்கியோ, சக்கரத்துக்குக் கீழே கட்டை வைத்தோ செய்யலாம். பத்து நிமிஷ வேலை, அவசரத்தில் விட்டுப்போகிற வேலையும் இதுதான்.

இரண்டாவது, ஸ்ட்ரட்டின் மேல் நட்டை ஏர் கன்னால் ‘டர்ர்ர்’ என்று இறுக்கும்போது உள்ளே தண்டும் சேர்ந்து சுற்றும். சீலுக்கு அது ஆகாது. தண்டை நழுவாமல் பிடித்துக்கொண்டு கையால் இறுக்குவது நல்லது. தண்டைக் கட்டிங் பிளேயரால் கடித்துப் பிடிக்க விடாதீர்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் சீலை அறுக்கும்.

மூன்றாவது, ஷாக் தண்டை மூடும் ரப்பர் உறையான டஸ்ட் பூட், பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட். ஸ்ட்ரட்டைக் கழற்றிய கையோடு இவற்றைப் பார்த்து மாற்றிவிடுங்கள். மறுபடி கழற்றினால் மறுபடி லேபர்.

இதை நானே வீட்டில் செய்ய முடியுமா?

லிங்க் ராட் செய்யலாம். ஸ்ட்ரட் வேண்டாம். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் நிற்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசர் போட்டு அடக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் முகத்தில் பாயும், ஆளையே கொல்லும் வேகம் அதற்கு உண்டு. வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடுவதும் கூடாது.

சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது மட்டும் வீட்டிலேயே செய்யலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அசைவு மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ராட் எண்ட் பக்கம், அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நாள் அப்படியே ஓட்டலாம்?

லிங்க் ராட், காய்ந்த புஷ் என்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சம்பளம் வரும்வரை ஓட்டலாம். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், உடைந்த ஸ்பிரிங், இந்த மூன்றும் அப்படி இல்லை. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டி உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங்கின் உடைந்த முனை டயரையே கிழிக்கும். அன்றைக்கே நிறுத்துங்கள்.

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் செய்தும் சரியாகவில்லை.

முதலில் நான்கு டயரிலும் காற்று. பிறகு முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் குற்றவாளி டயர். நம் ரோடு இடது ஓரமாகச் சரிந்திருப்பதால் லேசான இழுப்பு இயல்புதான்.

சின்ன கார்களில் அலைன்மென்ட் என்று செய்வது பெரும்பாலும் முன் சக்கரங்களின் டோ கோணத்தை மட்டும்தான், அதாவது மேலிருந்து பார்த்தால் அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை. சக்கரத்தின் சாய்வான கேம்பர், ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர், இந்த எண்களை மெஷின் காட்டும், ஆனால் அவற்றை மாற்ற பெரிதாக வசதி கிடையாது. பின்பக்க பீமிலும் அப்படித்தான். ஆகவே இவற்றில் மெஷின் சிவப்பு எண் (அளவுக்கு வெளியே) காட்டினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். புஷ்ஷில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. இன்று பிடித்த கோணம் நாளை நிற்காது. வரிசை இதுதான்: காற்று, ஆட்டம், அப்புறம் அலைன்மென்ட். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராட் எண்ட் எதைக் கழற்றினாலும் கடைசியில் அலைன்மென்ட் கட்டாயம்.

நம் ஊர் வெயிலுக்குக் காற்றைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்களே?

வேண்டாம். டிரைவர் கதவு ஓரத்தில் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு, டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டிய அளவு. ஓடினால் ஏறும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ஓட்டிவந்து பங்கில் பார்த்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைகாற்றில் நிற்கும். டயரை அதிகம் சூடாக்குவது குறைகாற்றுதான். காலையில், கிட்டத்திலிருக்கும் பங்க்கில் பாருங்கள். கூடுதலாக அடைத்தாலும் தொல்லை: அந்த அதிர்ச்சியெல்லாம் நேராக புஷ்ஷுக்கும் மவுண்ட்டுக்கும் போகும்.

ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் தரை தட்டுகிறது. ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் போடலாமா?

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காயிலின் இரண்டு சுற்றுக்கு நடுவே ரப்பரைத் திணித்தால் அந்தச் சுற்று வேலை செய்யாது. மிச்சச் சுற்றுகள் கூடுதலாக வளைய வேண்டியிருக்கும். வண்டி உயர்ந்த மாதிரி தெரியும், ஓட்டம் கட்டையாகும்.

சின்ன ஹேட்ச்பேக்குகளில் தரை இடைவெளி 160 முதல் 170 மி.மீ. அளவில்தான் இருக்கும், அதுவும் காலி வண்டிக்கு. இலவம்பாடி கத்தரிக்காயை மூட்டையாக டிக்கியில் ஏற்றிவிட்டுப் பின் சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தால் எந்தக் காரும் தாழும். கனமான சாமானை பின் சீட்டை ஒட்டி வையுங்கள், டிக்கிக் கதவோரம் வேண்டாம். காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. கம்பெனி ஸ்பிரிங்கே ஜோடியாகப் போடுங்கள்.

ஸ்பீட் பிரேக்கரில் எப்படி ஏறுவது?

இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிப்படி வட்ட மேடு என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் தாண்டலாம். தெருக்காரர்கள் சேர்ந்து கல்லும் சிமெண்டுமாகக் குவித்து வைக்கும் மேட்டுக்கு எந்த விதியும் தெரியாது. அதனால் மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் ஏறும் நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். மேடு இடிக்கும்போது அமுங்க இடம் மிச்சமிருக்காது. தவிர்க்க முடியாத பள்ளத்துக்கும் இதே கணக்குதான். வயிறு தட்டாத வண்டியைக் கோணலாக ஏற்றத் தேவையில்லை, நேராக ஏறுங்கள்.

ஏலகிரி போய்வந்த பிறகு சத்தம் ஆரம்பித்தது. மலைப்பாதை கெடுத்துவிட்டதா?

14 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றும் செய்யாது, ஏற்கெனவே தளர்ந்திருந்ததைக் காட்டிக்கொடுத்திருக்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தில் எடை கூடி ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்கிறது. லிங்க் ராடும் பார் புஷ்ஷும் அப்போதுதான் முழு பலத்தைத் தாங்கும். அவற்றை முதலில் பாருங்கள். சில அடிப்படை மாடல்களில் ஸ்டெபிலைசர் பாரே இருக்காது, அவை வளைவில் அதிகம் சாய்வது கோளாறு இல்லை.

பராமரிப்பு என்று என்னதான் செய்ய வேண்டும்?

பெரிதாக ஒன்றும் இல்லை. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை சர்வீஸின்போது லிப்ட்டில் தூக்கி ரப்பர்களையும் ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை கூடுதலாக. வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஓடாவிட்டாலும் ரப்பர் காயும்.

எங்கள் பக்கத்துக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும்: மணல். பாலாற்று ஓரச் சாலைகளிலும், அமிர்தி, ஒடுகத்தூர் பக்க மண் பாதைகளிலும் ஓடும் வண்டியில் டஸ்ட் பூட் கிழிந்திருந்தால், மணல் நேராக ஷாக் தண்டில் ஒட்டி சீலுக்குள் போகும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் மூடியும் அப்படியே. மூடி கிழிந்தால் கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்து, மொபைல் டார்ச் அடித்து அந்த இரண்டு ரப்பரையும் பாருங்கள். வாட்டர் வாஷில் சேற்றைக் கழுவச் சொல்லுங்கள், ஆனால் பிரஷர் தண்ணீரை ரப்பர் மூடியின் விளிம்பில் நேராகப் பாய்ச்ச வேண்டாம்.

ரீகண்டிஷன் ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். துளை போட்டு எண்ணெய் நிரப்பி வெல்டிங் வைத்து பெயின்ட் அடித்தது எத்தனை நாள் தாங்கும் என்று விற்பவருக்கே தெரியாது.

பழைய கார் வாங்கப் போகிறேன். சஸ்பென்ஷனை எப்படிப் பார்ப்பது?

ஹைவேயில் ஓட்டிக்காட்டினால் எல்லா வண்டியும் வெண்ணெய் மாதிரிதான் போகும். உடைந்த தெருவுக்கு ஓட்டுங்கள். பாட்டை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கி, காம்பவுண்ட் சுவர் ஓரமாக மெதுவாகப் போனால், அடியில் எழும் சத்தம் சுவரில் பட்டுக் காதுக்குத் திரும்ப வரும். இடப்பக்கச் சுவர் ஓரமாக ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. ஒரு காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழு வட்டம் அடியுங்கள். பிறகு நான்கு டயரின் உள்விளிம்பையும் தடவிப் பாருங்கள். நான்கும் புத்தம் புது டயராக இருந்தால் பழைய டயர் எப்படித் தேய்ந்திருந்தது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.